பாபிலோன் நதிக்கரையும் நம்ம சி பிளாக் மொட்டை மாடியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே பதினேழு வந்தாச்சு" என்றார். எனக்குக் கவிதை வராது. மெக்கானிக்கல் படித்தவன். கல்லூரியை விட்டு வந்தபின் பம்ப், கம்ப்ரஸர், ஷட் டவுன் ரிப்போர்ட் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. ஆனால் ஒரு பாட்டைப் பற்றிய சங்கதி ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. அதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ரெண்டு போட்டோவும் அனுப்புங்க" என்றார். போட்டோ இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

எண்பதுகளில் படித்த அண்ணன்மார்களுக்கு ஹாஸ்டல் காமன் ரூம் டூ-இன்-ஒன் நினைவிருக்கும். நாங்கள் 2005-இல் முதலாண்டு வந்து சேர்ந்தபோதும் அதே பெட்டிதான் இருந்தது. இடது ஸ்பீக்கர் மட்டும் கரகரக்கும். அதற்குள் நிரந்தரக் குடித்தனம் நடத்தியது போனி எம் கேசட். யார் வாங்கியது, எந்த பேட்ச் விட்டுப் போனது, எவருக்கும் தெரியாது. அதில் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' வந்தால் மெஸ்ஸில் தட்டில் தாளம் போடாதவன் கிடையாது. சப்பாத்தி ரப்பராக இருந்தாலும் பாட்டு இறக்கிவிடும்.

எங்கள் பேட்ச்சில் ஓர் உபதேசியார் மகன் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். அவனுக்குப் பட்டப்பெயரே 'உபதேசியார்' என்று ஆகிவிட்டது. அதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். சேர்ந்த மூன்றாவது வாரம், ராத்திரி பதினொரு மணிக்கு எங்களை சி பிளாக் மொட்டை மாடிக்கு 'இன்ட்ரோ'வுக்குக் கூப்பிட்டார்கள். ராகிங் சட்டப்படி குற்றம் என்று போர்டு கீழே தொங்கியது. மாடியில் அந்த போர்டு செல்லாது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, வரிசையாக நின்றோம். ஒவ்வொருவனாகப் பாட்டுப் பாட வேண்டும். உபதேசியார் முறை வந்தபோது, தமிழ் மீடியம் பையன் என்று தெரிந்தே ஒரு சீனியர் சொன்னார்: "இங்கிலீஷ் பாட்டு பாடுறா. சோகமா பாடக் கூடாது, ஜாலியா."

இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தப் பாட்டைத்தான் பாடினான். கோயில் பாடகர் குழுவில் இருந்தவன், குரல் கணீரென்று இருக்கும். சீனியர்கள் தண்ணீர்த் தொட்டியில் தாளம் தட்டினார்கள். ஒருவர் ஆடவும் செய்தார். இவனை மட்டும் சீக்கிரம் போகச் சொல்லிவிட்டார்கள்.

அறைக்கு வந்தபின் அவன் பெட்டியிலிருந்து கறுப்பு அட்டை போட்ட தமிழ் வேதாகமத்தை எடுத்து 137-ஆம் சங்கீதத்தைக் காட்டினான். ஒன்பதே வசனங்கள். எருசலேமை பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளி, யூதர்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன காலத்தைச் சொல்வது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். வாத்தியங்களை மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அது அலரிச்செடி, வாத்தியம் கின்னரம். அப்போது சிறைப்பிடித்தவர்கள் வந்து, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள், சந்தோஷமாகப் பாடுங்கள் என்று கேட்கிறார்கள்.

"யாரைப் பத்திப் பாடினேன்னு புரியுதாலே?" என்று உபதேசியார் சிரித்தான். "அவங்களப் பத்திதான். அவங்களே தாளம் போட்டாங்க."

அன்றைக்கு அதை ஒரு குறும்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருஷம் கம்பெனி என்னை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஏழு மாதம் அனுப்பியது. அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் ஜமைக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெரியவர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மதிய இடைவேளையில் நான் இந்தப் பாட்டை முணுமுணுத்தபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. நீ பாடுவது நகல், அசலில் ஒரு வார்த்தை வேறு, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தகராறே நடந்தது என்றார். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

போனி எம் பாடி வெளியிட்டது 1978-இல். பாட்டின் அசல் ஜமைக்காவில் 1970-இல் வந்தது. பாடியவர்கள் 'மெலோடியன்ஸ்' என்ற மூவர் குழு: பிரென்ட் டோவ், டோனி பிரெவெட், ட்ரெவர் மெக்நாட்டன். எழுதியவர்கள் டோவும் மெக்நாட்டனும். தயாரித்தவர் லெஸ்லி காங் என்ற சீன வம்சாவளி ஜமைக்கர். இந்த மனிதர் கிங்ஸ்டன் நகரத்து ஆரஞ்ச் தெருவில் ஐஸ்கிரீம் கடையோடு சேர்த்து ரிக்கார்டும் விற்றவர். கடை பெயர் 'பெவர்லீஸ்'. ஜிம்மி கிளிஃப் என்ற பையன் அந்தப் பெயரையே வைத்து ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பாடிக்காட்ட, காங் பாட்டுத் தயாரிப்பாளரானார். பாப் மார்லியின் முதல் ரிக்கார்டை 1962-இல் போட்டதும் இவர்தான். அந்தப் பாட்டின் தலைப்பே மத்தேயு சுவிசேஷத்தில் நியாயம் தீர்க்காதிருங்கள் என்று வரும் இடத்திலிருந்து எடுத்தது. ஐஸ்கிரீமும் வேதவசனமும் ஒரே கல்லாப்பெட்டியில்! 1971-இல், 37 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

அந்த ஒரு வார்த்தை என்ன? சங்கீதத்தில் கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்ற கருத்து வருகிறது. மெலோடியன்ஸ் அதில் கர்த்தர் என்பதை எடுத்துவிட்டு 'கிங் ஆல்பா' என்று போட்டார்கள். ஆல்பா என்பதும் வேதத்துச் சொல்தான், வெளிப்படுத்தின விசேஷத்தில் இறைவனைக் குறிப்பது. ஆனால் ஜமைக்காவின் ராஸ்தஃபாரிகள் 'கிங் ஆல்பா' என்றால் அது எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாஸி. மெக்கானிக்கல்காரன் பாஷையில் சொன்னால், இயந்திரம் அப்படியே இருக்க ஒரே ஒரு பாகத்தை மாற்றினார்கள். அது ஓடும் திசையே மாறிவிட்டது.

இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜமைக்கா 1655 முதல் 1962 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரும்புத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதா வேண்டாமா என்பது தோட்ட முதலாளிகளுக்குப் பெரிய தலைவலி. 1807-இல் லண்டனில் ஒரு புத்தகம் அச்சாயிற்று. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பிலேயே போட்ட பைபிள். அதில் யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டு, பொறுமையாக வேலை செய்து, முன்னுக்கு வந்த கதை இருக்கிறது. மோசே எகிப்தின் அடிமைகளை மீட்டுக் கடலைக் கடந்து கூட்டிப்போன கதை இல்லை. பத்துக் கட்டளைகள் உண்டு. அதற்கு முன்னால் நடந்த விடுதலை மட்டும் கிடையாது. ஆட்சியாளர்கள் புத்தகத்தை எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்! எந்தப் பக்கத்தில் தீப்பெட்டி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெட்டிய பக்கங்கள் வேறு வழியாக வந்து சேர்ந்தன. அமெரிக்காவிலிருந்து 1780-களில் ஜமைக்காவுக்கு வந்த ஜார்ஜ் லைல், தாமே ஒரு காலத்தில் அடிமையாக இருந்த பாப்டிஸ்ட் போதகர். அந்தச் சபைகளில் கறுப்பின மக்களே டீக்கன்களானார்கள். அப்படி ஒரு டீக்கன் சாம் ஷார்ப். ஒருவன் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்ற வசனத்தை அவர் எடுத்துப் பேசினார் என்பார்கள். 1831 கிறிஸ்துமஸுக்குப் பின் கூலியில்லாமல் கரும்பு வெட்ட மாட்டோம் என்று ஆரம்பித்தது பெரும் கலகமானது. அடக்குமுறையில் 300-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டும் சுட்டும் கொன்றார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தக் கலகத்துக்கு இன்றும் அங்கே 'பாப்டிஸ்ட் போர்' என்றுதான் பெயர்.

ஆக வேதத்தை எதிர்ப்பின் பாஷையாகப் பேசுவது ரெக்கே பாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அவர்கள் அதற்கு டிரம்மும் பேஸ் கிதாரும் சேர்த்தார்கள், அவ்வளவே.

1930 நவம்பர் 2-ஆம் தேதி அடிஸ் அபாபாவில் ராஸ் தஃபாரி என்ற இளவரசர், ஹைலே செலாஸி என்ற பெயரில் முடிசூடினார். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்பது அவருடைய பட்டங்களில் ஒன்று. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி வெள்ளையர் கையில் இருந்த காலத்தில் ஒரு கறுப்பு ராஜா, அதுவும் வேதத்துப் பட்டத்தோடு. கிங்ஸ்டன் சேரிகளில் சிலர் இவரே வாக்களிக்கப்பட்டவர் என்றார்கள். அப்படிப் பிரசங்கித்த லியோனார்ட் ஹோவெல் 1934-இல் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். அவர்கள் பாஷையில் பாபிலோன் என்றால் தங்களைக் கப்பலில் ஏற்றி வந்த ஆட்சி. கோர்ட், கச்சேரி எல்லாம் பாபிலோன். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரும் பாபிலோன்.

1962-இல் சுதந்திரம் வந்தது, கொடி மாறியது. ராஸ்தஃபாரிகளுக்கு ஒன்றும் மாறவில்லை. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு சிலர் செய்த வன்முறையைக் காரணம் காட்டி, தீவெங்கும் அவர்களைப் பிடித்து அடைத்தார்கள், அடித்தார்கள், சடைமுடியை வெட்டினார்கள். அதற்கு ஜமைக்காப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2017-இல்! 54 வருஷம்.

இந்தப் பின்னணியில்தான் மெலோடியன்ஸ் பாட்டு வந்தது. 1968 அக்டோபரில் வால்டர் ராட்னி என்ற வரலாற்றுப் பேராசிரியரை நாட்டுக்குள் திரும்ப விடாமல் அரசு தடுத்து, கிங்ஸ்டனில் கலவரம் நடந்திருந்தது. கறுப்பின எழுச்சி என்றாலே அரசுக்கு அடிவயிறு கலங்கிய நேரம். பாட்டு கலகத்தைத் தூண்டுகிறது என்று ஒலிபரப்பத் தடை போட்டார்கள் என்று பிரென்ட் டோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது நம்ம ஐஸ்கிரீம்காரர் காங் கேட்டாராம்: இது வேதத்தில் இருக்கிற வார்த்தைதானே, காலங்காலமாகக் கோயிலில் பாடுவதுதானே, இதைத் தடை செய்தால் சங்கீதத்தையும் தடை செய்வீர்களா? பதில் சொல்ல ஆளில்லை. தடை நீங்கியது. மூன்றே வாரத்தில் ஜமைக்காவில் பாட்டு முதலிடம் என்று டோவ் சொல்கிறார்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்த இடம். துண்டுப்பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம். தலைவரை உள்ளே தள்ளலாம். தானே கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன புத்தகத்தின் வரிகளை ஓர் அரசு எப்படிப் பறிமுதல் செய்யும்?

அதே சமயம், பாட்டுக்காரர்களைப் புனிதர்களாக்கவும் நான் வரவில்லை. ஹைலே செலாஸி 1966 ஏப்ரலில் கிங்ஸ்டனில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் ஓடுபாதைக்கே வந்துவிட்டது. ஆனால் அதே வருஷங்களில் அடிஸ் அபாபா மாணவர்கள் உழுபவனுக்கே நிலம் என்று கோஷம் போட்டு அவருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். 1973 பஞ்சத்தில் வோலோ மாகாணத்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்ததை அவர் ஆட்சி மூடி மறைத்தது. 1974-இல் ராணுவம் அவரை இறக்கியது. ஜமைக்காவில் மீட்பராக இருந்தவர், சொந்த ஊர் மாணவர்களுக்குப் பார்வோன். உருவகம் ஒரு மனிதர் மேல் போய் உட்காரும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் மேன்லி எத்தியோப்பியா போய் வந்தார். கையில் ஒரு கைத்தடி. பேரரசரே கொடுத்தது என்று சொன்னார்கள். 1972 தேர்தலில் மேடைக்கு மேடை அதைத் தூக்கிக் காட்டினார். ஜனங்கள் அவரை யோசுவா என்று கூப்பிட்டார்கள். மோசேக்குப் பின் மக்களை வாக்குத்தத்த பூமிக்குள் கூட்டிப்போனவர் யோசுவா அல்லவா! கிளான்சி எக்கிள்ஸ் என்ற பாடகர் அந்தத் தடியைப் பற்றியே பாட்டுப் போட்டார். கூட்டத்துக்குப் பாட்டுக்காரர்களை வண்டியேற்றிக் கூட்டிப்போனார்கள். பிப்ரவரி 29-ஆம் தேதி 53 இடங்களில் 37 பிடித்து மேன்லி பிரதமரானார். பாட்டை வைத்து ஓட்டு வாங்கும் வித்தையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் தடிக்குப் பாட்டு என்பது புதுசு.

விஷயம் அதோடு முடியவில்லை. மேன்லிக்காகப் பிரசாரத்தில் பாடிய மாக்ஸ் ரோமியோவே சில வருஷத்தில், யோசுவா, போகிற போக்குச் சரியில்லை என்ற பொருளில் அவர் பேரைச் சொல்லியே ஒரு பாட்டுப் பாடினார். நீ அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டாய், இப்போது அந்தப் பெயருக்குரிய வேலையைச் செய் என்று கேட்பது போல. பட்டம் கொடுத்த ஜனங்களுக்குப் பட்டத்தை வைத்தே கணக்குக் கேட்கவும் தெரிந்திருக்கிறது.

பாப் மார்லி கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1976 டிசம்பர் 3-ஆம் தேதி வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். இரண்டே நாளில் காயத்தோடு மேடையேறிப் பாடிவிட்டு நாட்டை விட்டுப் போனார். லண்டனில் இருந்துகொண்டு 1977-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'எக்ஸோடஸ்'. யாத்திராகமம். 1807 புத்தகத்தில் வெட்டியெறிந்த அதே பகுதி, 170 வருஷம் கழித்து, அதே லண்டனிலிருந்து, உலகம் பூராவும்.

இனி நம்ம கேசட்டுக்கு வருவோம். 1978-இல் ஜெர்மன் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் இந்தப் பாட்டை எடுத்தார். போனி எம் குழுவின் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவருமே ஜமைக்காவில் பிறந்தவர்கள். 'கிங் ஆல்பா' போய், பழையபடி கர்த்தர் வந்து உட்கார்ந்தார். அதாவது நகல்தான் வேதத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது! அசல்தான் வேதத்தைத் தொட்டு மாற்றியது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம், பின்பக்கத்துப் பாட்டோடு சேர்த்து அங்கே மட்டும் சுமார் 20 லட்சம் ரிக்கார்டுகள். டிஸ்கோவில் ஆடினார்கள், நம் மெஸ்ஸிலும் ஆடினோம். பர்மிங்ஹாம் பெரியவருக்கு அதில் வருத்தம். எனக்கு முழு வருத்தம் இல்லை. பல்லைப் பிடுங்கிய பாட்டு என்று அவர் சொன்னார். பிடுங்கிய பாட்டையே ஒரு கிராமத்துப் பையன் எங்கள் மொட்டை மாடியில் பல்லோடு பாடியதை நான் பார்த்திருக்கிறேனே.

இரண்டு பதிவுகளிலும் இல்லாதது ஒன்று உண்டு. சங்கீதத்தின் கடைசி வசனம். பாபிலோனின் குழந்தைகளுக்கு என்ன நடக்க வேண்டும் என்று அழுதவர்கள் விடுகிற சாபம். படித்தால் உடம்பு நடுங்கும். பாட்டுக்காரர்கள் அதை விட்டுவிட்டு, 19-ஆம் சங்கீதத்தின் கடைசியிலிருந்து ஒரு பிரார்த்தனையைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். வெட்டி ஒட்டுவது முதலாளிகள் மட்டும் செய்த வேலை அல்ல.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2006-இல் நாங்கள் இரண்டாம் ஆண்டு. அதே மாடி, அதே தண்ணீர்த் தொட்டி, இந்தத் தடவை தாளம் தட்டியவர்களில் நானும் ஒருவன். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு தம்பிக்குப் பாட வரவில்லை. "ஏதாவது பாடுறா, ஜாலியா" என்று சொன்னது நான்தான். மூன்று தடவை சொன்னேன். அவன் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டை ஆரம்பித்து, பாதியில் நின்று, அழ ஆரம்பித்தான். நாங்கள் சிரித்தோம். உபதேசியார் அன்று மாடிக்கு வரவே இல்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். அடுத்த வாரம் அந்தத் தம்பி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, தினமும் மூன்று பஸ் மாறி வீட்டிலிருந்து வந்து படித்தான். அதன்பின் காரிடாரில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் உபதேசியாருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். மஸ்கட்டில் இருக்கிறான். "கடைசி வசனத்த நான் அன்னைக்குப் பாடலல்லா, மறந்துட்டேன்னு நெனச்சியா?" என்று மட்டும் பதில் வந்தது.

செயலாளர் அண்ணன் அனுப்பிய வருகைப் பட்டியலில் 2006 பேட்ச் வரிசையில் அந்தத் தம்பியின் பெயர் இருக்கிறது. மனைவி, ஒரு குழந்தை என்று மூன்று பேருக்குச் சாப்பாடு குறித்திருக்கிறான். நம்பரும் இருக்கிறது. இன்னும் போன் செய்யவில்லை.